செங்கோட்டைப் பக்கம் ஒரு வாரம்: ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அம்மா வழியில் ஆச்சிக்குப் பேரன் பேத்திகள் நாங்கள் பதினேழு பேர். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில்தான் எல்லோருடைய முழுப்பரீட்சை லீவும் கழிந்தது. இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஆறு வருஷமாக நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறேன். அதனால் மற்றவர்கள் கிளம்பும்போதெல்லாம் எனக்குத்தான் போன் வரும். ஒரே கேள்விக்கு ஒன்பது பேருக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை. யார் கேட்டது என்று அவரவருக்குத் தெரியும்.

அக்கா, மெட்ராஸ்ல இருந்து நேரா ரயில் இருக்கா, இல்ல தென்காசியில இறங்கி பஸ் பிடிக்கணுமா?

நேராகவே இருக்கிறது. எழும்பூரில் ராத்திரி ஏறினால் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் செங்கோட்டையில் கொண்டுவிடும். அதுதான் கடைசி நிலையம் என்பதால் தூங்கிப்போனாலும் பயமில்லை. அங்கிருந்து புளியரை போகும் பஸ், இல்லையென்றால் ஆட்டோ. மாமாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதீர்கள். அது அவர் வயலுக்குப் போகிற நேரம். நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார், அதுதான் சிக்கல்.

காரில் வருகிறவர்கள் திருமங்கலத்தில் பிரிந்தால் ராஜபாளையம், தென்காசி வழியாக ஒரே சாலை. அதே சாலைதான் மலையேறிப் புனலூர், கொல்லம் வரை போகிறது. லாரி அதிகம், இருட்டில் ஓட்ட வேண்டாம்.

எந்த மாசம் போனா நல்லது? பிள்ளைங்க லீவும் இருக்கணும், அருவியில தண்ணியும் இருக்கணும்.

இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். மே மாதம் லீவு இருக்கும், அருவியில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். ஆனால் பலாப்பழம், மாம்பழம், நுங்கு எல்லாம் அப்போதுதான். நாம் சின்ன வயதில் போனதும் மே மாதம்தான். அருவி நினைவைவிடப் பலாச்சுளைப் பிசின் நினைவுதான் நமக்கு அதிகம் இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

சாரல் வேண்டுமென்றால் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்டு வரை. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே நிறுத்திக்கொள்ளும். ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து கொடுப்பதால் காற்றும் தூறலும் நம் பக்கம் புகுந்து வந்துவிடுகின்றன. கிழக்கே கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் சுள்ளென்று வெயில் அடிக்கும், நம் ஊரில் துணி காயாது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நான் பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்து, முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறைச் சேர்த்து ஒரு வாரம் ஆக்கிக்கொள்கிறேன். வகுப்பாசிரியை முகம் சுளிப்பார். சமாளித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவில் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். அரையாண்டு லீவில் வடகிழக்கு மழை புண்ணியத்தில் அருவி விழும், ஆனால் கார்த்திகை முதல் தை வரை அது சபரிமலைப் பாதை. குற்றாலத்தில் கறுப்பு வேட்டிகளுக்கு நடுவில் கால் வைக்க இடமிருக்காது.

எந்த மாதமானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலை மாமாவுக்குக் கார் நெல் நடவுக் காலம், அக்டோபருக்கு மேல் பிசான நெல். நமக்கு லீவு என்றால் அவர்களுக்கும் லீவு என்று அர்த்தமில்லை. முதலில் அங்கே கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

எத்தனை செட் துணி எடுத்துக்கணும்?

சாரல் காலம் என்றால் நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு. தடி ஜீன்ஸ் வேண்டாம், மூன்று நாள் கொடியில் தொங்கும். காலையில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

ஆச்சி வீட்டுலயே தங்கிடலாமா, குற்றாலத்துல ரூம் போட்டுரலாமா?

ஆச்சி வீடு இப்போது மாமாவும் அத்தையும் குடித்தனம் நடத்தும் வீடு. நாம் இன்னும் ஆச்சி வீடு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அத்தைக்கு அது கேட்க எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. நாலு பேர் என்றால் தார்சாவிலும் பட்டாசலிலும் படுத்துக்கொள்ளலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து வந்தால் ஒரு குடும்பம் ரூம் போடுவதுதான் நியாயம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் வாரத்தைப் பிரித்துவிடுவேன்: மாமா வீட்டில் மூன்று ராத்திரி, தென்காசியில் சித்தி வீட்டில் இரண்டு, மீதிக்கு ரூம். சித்தி வீட்டில் ஒருநாளாவது படுக்காமல் வந்தால் அடுத்த கல்யாண வீடு வரை அந்தப் பேச்சு ஓடும். குற்றாலத்தில் சீசன் சனி ஞாயிறில் ரூம் வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். திங்கள் முதல் வியாழன் வரை பாருங்கள்.

பாத்ரூம் வெஸ்டர்னா?

ஒன்று வெஸ்டர்ன், புறவாசலில் இருப்பது பழைய மாதிரி. காலை ஆறு மணிக்கு முன்னால் எழுந்தால் சண்டையில்லை.

மெட்ராஸ்ல இருந்து என்ன வாங்கிட்டுப் போறது?

ஸ்வீட் வேண்டாம். மாமாவுக்கும் ஆச்சிக்கும் சர்க்கரை. ஒரு வருஷம் நான் பெருமையாக ஒரு எலெக்ட்ரிக் குக்கர் வாங்கிக்கொண்டு போனேன். அது பெட்டி பிரிக்காமல் இன்றும் பரண்மேல் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

போன் பண்ணி அத்தையிடம் கேளுங்கள். “ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தாப் போதும்” என்பார். அப்புறம் மாமா பையனிடம் கேளுங்கள், உண்மை வரும். போன முறை வந்த பட்டியல்: ஆச்சிக்கு வழுக்காத செருப்பு, மாமாவின் மூக்குக்கண்ணாடிக்குக் கூடு, நல்ல கத்திரிக்கோல் ஒன்று.

செலவுக்குப் பணம் கொடுத்தா மாமா கோவிச்சுக்கிறாரே, சும்மா இருந்து சாப்பிடவும் மனசு கேட்கல. என்ன செய்ய?

கையில் கொடுத்தால் கோபிக்கத்தான் செய்வார். முதல் நாள் சாயங்காலம் செங்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் அரிசி தவிர மற்ற மளிகை, எண்ணெய், காய்கறி வாங்கி நேராக அடுப்படியில் இறக்கிவிடுங்கள். அரிசி வாங்கிவிடாதீர்கள், நெல் விளைகிற வீட்டுக்கு அரிசி வாங்கிப் போவது அவமானம். இடையில் ஒருநாள் மீனோ கறியோ உங்கள் கணக்கு. சமையலுக்குக் கூடமாட நில்லுங்கள். தேங்காய் திருவ ஆள் கிடைத்தால் அத்தைக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை, அங்கே சொதி, அவியல், கூட்டாஞ்சோறு என்று எதைத் தொட்டாலும் தேங்காய்தான்.

கிளம்பும்போது மாமா பேத்தி கையில் பணத்தை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுங்கள். அதற்கு மட்டும் யாரும் கோபப்படுவதில்லை.

எந்த அருவிக்குப் போகலாம்? சின்ன வயசுல செண்பகாதேவிக்கெல்லாம் நடந்தே போனோமே.

போனோம், ஈரப் பாவாடையோடு திரும்பி வந்தோம். இப்போது செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி போதும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குப் புலியருவி நல்லது. சோப்பு, ஷாம்பூ, எண்ணெய்க்குத் தடை இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளித்த காலத்தைப் பற்றிப் போலீஸ்காரரிடம் பேசிப் பயனில்லை.

நீர்வரத்து கூடினால் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்று நிற்கக்கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை கொட்டும், கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது.

குளித்துவிட்டு வரும்போது மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கலாம். விலையைக் கேட்டுவிட்டு ஒருமுறை நடக்க ஆரம்பியுங்கள், கூப்பிடுவார்கள்.

நம்ம குளத்துல பிள்ளைங்களைக் குளிக்க விடலாமா? நாமளும் அங்கதானே நீச்சல் படிச்சோம்.

வேண்டாம். நாம் நீச்சல் படித்தபோது குளத்துத் தரை ஒரே சரிவாக இறங்கும், எந்த இடத்தில் ஆழம் என்று பெரிய மாமாவுக்குத் தெரியும். இடையில் கரம்பை மண் எடுத்த குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று இப்போது யாருக்கும் தெரியாது. வருஷம் பூராவும் நீச்சல் வகுப்புக்குப் போன என் மகன்கூட அங்கே முழங்கால் தண்ணீரோடு சரி.

பம்புசெட் இருக்கிறது. மோட்டார் ஓடும் நாளை மாமாவிடம் கேட்டுக்கொண்டு தொட்டியில் இறக்கிவிடுங்கள், பொழுது போவதே தெரியாது. குண்டாறு அணையைப் பார்க்க ஒரு நடை போகலாம். 36 அடிதான், சின்ன அணை, அதனால் சாரல் பிடித்ததும் சீக்கிரமே நிரம்பி மறுகால் பாயும். “குண்டாறு நிரம்பிட்டா?” என்பதுதான் ஜூன் மாதம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி. பக்கத்திலேயே மேக்கரையில் அடவிநயினார் அணை, 132 அடி. அது நிரம்பினால்தான் விவசாயிகளுக்கு முழு நிம்மதி.

அட்டை கடிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

மலைக்குள் போனால் நிஜம். ஆரியங்காவுப் பக்கத்துப் பாலருவிப் பாதையில் மழைக்காலத்தில் நிச்சயம் உண்டு. பிடித்து இழுக்காதீர்கள், உப்போ சுண்ணாம்போ வைத்தால் தானே விழும். வலிக்காது, ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். எங்கள் அத்தை வெற்றிலைப் பெட்டியோடு காட்டுக்கு வருவதற்கு அதுதான் காரணம் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

புனலூர் ரயில்ல ஒருதரம் போகணும்னு ஆசை. அந்தப் பழைய வண்டி இப்ப ஓடுதா?

பழைய வண்டி இல்லை. 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அகலப் பாதை போடுவதற்காக 2010-இல் செங்கோட்டை, புனலூர் இடையே நிறுத்தினார்கள். மறுபடி முழுதாக ஓட 2018 ஆகிவிட்டது. எட்டு வருஷம் தண்டவாளத்தில் வண்டியில்லை. என் பெரிய மகன் கைக்குழந்தையாக இருந்து மூன்றாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓடுவது அகலமான பெட்டி, மலையேற முன்னும் பின்னும் எஞ்சின். பகவதிபுரம் தாண்டியதும் ஆரியங்காவுக் குகை வரும், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நாம் அதைக் குகை என்றுதான் சொல்வோம், சுரங்கப்பாதை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துவார்கள். அது மட்டும் மாறவே இல்லை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம். பாலத்தின்மேல் போகும்போது பாலம் தெரியாது, அதைப் பார்க்கச் சாலையில்தான் நிற்க வேண்டும். ஆகவே போகும்போது ரயில், வரும்போது பஸ்.

ஒரு எச்சரிக்கை. பாலருவி எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மலையைக் கடப்பது இருட்டில். பகலில் கடக்கிற வண்டி எது என்று நேரம் பார்த்து ஏறுங்கள்.

பார்டர் பரோட்டா, பார்டர் பரோட்டாங்கறாங்க. பார்டர் புளியரைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? கடை ஏன் இந்தப் பக்கம் பிரானூர்ல இருக்கு?

நல்ல கேள்வி. என் நாத்தனார் பிள்ளை கேட்டது, நம் வீட்டுப் பெரியவர்கள்கூட இதைக் கேட்டதில்லை. 1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம், தென்காசி சென்னை ராஜ்யம். இரண்டுக்கும் நடுவில் பிரானூரில்தான் எல்லை. நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆரியங்காவு, தென்மலை எல்லாம் கேரளத்திலேயே நின்றுவிட்டன. எல்லை மேற்கே கோட்டைவாசலுக்கு நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது. எழுபது வருஷம் ஆகப் போகிறது, இன்றும் “பார்டர்ல இறங்கிக்கிறேன்” என்றால் கண்டக்டர் பிரானூருக்குத்தான் டிக்கெட் கொடுப்பார். மர அறுவை மில் வரிசையாக இருக்கும், அதுதான் அடையாளம்.

செங்கோட்டையில் திருவிதாங்கூர் காலத்து வளைவு வாசல் இன்னும் நிற்கிறது, சங்கு முத்திரையோடு. நாம் அதன் அடியில் ஆயிரம் முறை போயிருப்போம், ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அப்படியே வாஞ்சிநாதன் மணிமண்டபத்துக்கும் கூட்டிப்போகலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டவர் இந்த ஊர்க்காரர் என்பது பாடப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

பரோட்டா எப்படி என்று கேட்டால், நன்றாகத்தான் இருக்கும். சீசனில் இலை கிடைக்க முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அத்தை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து முடித்திருப்பார். நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மாமா பீரோவுல தாத்தா பத்திரம் பார்த்தேன். 1112-னு தேதி போட்டிருக்கு. சோழர் காலத்துப் பத்திரமா?

இல்லை, தாத்தா அவ்வளவு கிழவர் இல்லை. அது கொல்லம் ஆண்டு. முந்தைய பதிலில் சொன்ன மாதிரி நம் ஊர் அப்போது திருவிதாங்கூர், அரசாங்கத் தேதி கொல்லம் ஆண்டில்தான். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறக்கும்போது ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை வரும் தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825. சரிபார்க்க ஒரு தேதி சொல்கிறேன்: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27, அது 1936 நவம்பர் 12. கணக்கு சரியாக வருகிறதா?

பத்திரத்தில் சக்கரம் என்று வந்தால் அது காசு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நம் வீட்டில் இருப்பவற்றில் இரண்டு பத்திரம் மலையாள எழுத்தில் இருக்கின்றன. ஆசைக்குப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து பத்திரத்தைப் புரட்டாதீர்கள். லீவுக்கு வந்த மருமகன் பத்திரத்தை எடுத்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கேரளாப் பக்கம் போனா மலையாளம் தெரியணுமா? காருக்கு பர்மிட்?

ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் தமிழே போதும். குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் நல்ல இலங்கைத் தமிழ் காதில் விழும். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1976-இல் தொடங்கிய அரசுத் தோட்டம் அது. டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணமா என்றேன். மலையகம் என்று திருத்தினார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பஸ் போய்விட்டது.

சொந்தக் காருக்கு பர்மிட் தேவையில்லை. வாடகை டாக்ஸி என்றால் கேரள பர்மிட் போட்டிருக்கிறாரா என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள். பாலருவிக்கு உங்கள் வண்டி வாசல் வரைதான், உள்ளே வனத்துறை வண்டி. கோடையில் தண்ணீர் இல்லாமல் மூடிவிடுவார்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் அந்தச் சாலைப் பக்கமே போக வேண்டாம், பூவும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள்தான் முன்னாலும் பின்னாலும்.

குலதெய்வத்துக்கு இந்த வாரத்துலயே போயிட்டு வந்துரலாமா?

சாஸ்தாவுக்கு நாள் பங்குனி உத்திரம். அன்றைக்கு வர முடியாதவர்கள் லீவில் வந்து பொங்கல் வைக்கிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதோடு மலைக்கு மேலே இருக்கும் சாஸ்தாக்களையும் பார்க்க ஆசையென்றால் ஒரே நாளில் குளத்துப்புழை, ஆரியங்காவு முடிக்கலாம். குளத்துப்புழையில் அவர் பாலகன், ஆற்று மீன்களுக்குப் பொரி போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அச்சன்கோவிலுக்குத் தனி நாள். பண்பொழி, மேக்கரை வழியாகக் காட்டுப் பாதை, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். ஆண்கள் வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்.

நாங்க ஊர்லயே இல்ல. ஆனாலும் அம்மன் கொடைக்கு வரி கேட்டு போன் வருது. கொடுக்கணுமா?

கொடுங்கள். தொகையைப் பற்றித் தகராறு இருந்தால் நேரில் போகும்போது பேசலாம். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் பிரசாதம் வந்து சேரும், அது வாசல்வரை வரும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கட்டவில்லையென்றால் மாமா சத்தமில்லாமல் உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறார். எனக்கே இது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நாம பிறந்த வீட்டை வித்துட்டாங்கல்ல, அதுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா? வாங்கினவங்க என்ன நினைப்பாங்க?

பெரிய தாத்தா வீட்டைக் கேட்கிறீர்கள். போகலாம், நான் போனேன். முதல் வருஷம் தப்பாகப் போனேன். தெருவில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து, “பேங்க்ல இருந்தா?” என்று கேட்டார். முகம் வெளுத்திருந்தது. வீட்டுக் கடனில் ஏதோ பாக்கி போல. அன்று பேசாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் மாமா மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு, சாயங்காலம் நாலரைக்குப் போனேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. காப்பி போட்டார். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். கிணற்றுக்குக் கம்பி வலை. ஆட்டுக்கல் புறவாசலில் கவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் மாமியார் துணி துவைக்கிறாராம். மச்சுக்குப் போகும் மரப்படியில் மட்டும் எங்கள் அண்ணன் ஆணியால் கீறிய பெயர் அப்படியே இருந்தது. அவர்கள் அதன்மேல் இரண்டு முறை பெயின்ட் அடித்தும் எழுத்து தெரிகிறது. “யாரு இந்த ரவின்னு எங்க பையன் கேட்டுக்கிட்டே இருப்பான்” என்றார்.

படம் எடுக்காதீர்கள். “இங்கதான் எங்க ஊஞ்சல் இருந்துச்சு” என்று ஒவ்வொரு அறையிலும் சொல்லிக்கொண்டு நடக்காதீர்கள், ஒன்றிரண்டு சொன்னால் போதும். கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.

பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டுக்குப் போகணுமா? போனா மாமா கோவிப்பாரே.

போகும் முன் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒளித்துவிட்டுப் போனால் நீங்கள் திரும்பி வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிடும். அந்தத் தெருவில் நடந்துபோக இரண்டு நிமிஷம், செய்திக்கு அதுகூட ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். காப்பி குடிக்கலாம், கை நனைக்க வேண்டாம். வரப்புச் சண்டையைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதை சொல்வார்கள், ஆட்களை மட்டும் மாற்றிப் போட்டு. தலையாட்டிக்கொள்ளுங்கள், தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். பத்திரத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பிள்ளைங்க இரண்டாம் நாளே போரடிக்குதுங்குறாங்க. என்ன காட்டுறது?

எதையும் காட்ட வேண்டாம். நம் பள்ளிக்கூடம், நம் மரம், நாம் விழுந்த இடம் என்று இழுத்துக்கொண்டு திரிந்தால் யாருக்கும் போரடிக்கும். மாமா பேரன் பேத்திகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் இவர்களைத் தெருவில் விடுங்கள். மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். என் சின்ன மகள் ஒரு வாரத்தில் கோழியைக் கூடையில் அடைக்கப் பழகிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் வராத வித்தை அது.

போன் சிக்னல் மச்சில் மட்டும் நன்றாக வரும், அதுவும் காற்று பலமாக அடித்தால் மின்சாரத்தோடு சேர்ந்து போய்விடும்.

ஆச்சிக்கு என்னை அடையாளமே தெரியல. அவ்வளவு தூரம் போனதுக்கு அழுகைதான் வந்துச்சு. என்ன செய்ய?

“நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்காதீர்கள். போனவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம், ஆச்சிக்கு அது பரீட்சை மாதிரி. தெரியாமல் முழித்துவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருப்பார் என்று அத்தை சொன்னார். நீங்களே பெயரைச் சொல்லுங்கள், யார் மகள் என்று சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் மகனைப் பெரிய மாமா என்று நினைத்து, “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியால?” என்று கேட்டார். அவனும் “காட்டிட்டேன் ஆச்சி” என்று சொல்லிவிட்டான். மாடு விற்று இருபது வருஷம் ஆகிறது.

கையில் வேலை கொடுத்தால் தெளிவாக இருக்கிறார். கீரை ஆயக் கொடுங்கள். போன முறை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே புனலூர் ரயிலில் கல்யாணத்துக்குப் போன கதையை முழுதாகச் சொன்னார், யார் யார் எந்தப் பெட்டியில் என்பது உட்பட.

திரும்பும்போது என்ன எடுத்துட்டு வரலாம்?

கேட்கவே வேண்டாம், கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், நேந்திரங்காய் வற்றல், சில்லுக் கருப்பட்டி. ஒரு பை காலியாக எடுத்துப்போங்கள். வேண்டாம் என்று சொன்னால் தேங்காய் இரண்டு கூடும்.

அடுத்த வருஷமும் ஆனி கடைசி வாரம்தானே? நாங்களும் சேர்ந்துக்கிறோம், இப்பவே டிக்கெட் போட்டுரவா?

பொறுங்கள். குண்டாறு எப்போது நிரம்புகிறது என்பதைப் பொறுத்து மாமா நாற்றங்கால் போடுவார், நடவு முடிந்தால்தான் அவருக்குக் கை ஓயும். வைகாசி பிறந்ததும் கேட்டுச் சொல்கிறேன். அத்தையிடமும் தனியாகக் கேட்கிறேன், இந்த முறை மூன்று குடும்பம் என்று.